வாசலடி மெசின்

அம்மா, கை ரண்டும் கீபோட்டில கிடக்குது. அதுதான் நான் வாயால சொல்லச் சொல்ல போன் எழுதுது. அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

இண்டையோட எனக்கு இஞ்ச ஒரு மாதம். வேலை தருவினமோ, இல்லாட்டி பெரியமடுவுக்குத் திரும்ப பஸ் ஏறோணுமோ எண்டு பெனடிக்ற் அண்ணை இண்டைக்குத்தான் சொல்லுறதெண்டவர். அவற்ற கம்பியூட்டர் வகுப்பில மூண்டு மணிக்குப் பிள்ளையளுக்குச் சோதினை. அதுக்கான சொப்ட்வெயார் பெரிய மெசினில கிடக்குது. மற்ற ஆறும் வயரால அதில இருந்துதான் எடுக்கோணும். போன கிழமைதான் வயர் இழுத்தது. ஒண்டும் எடுக்கேல்ல. பாதியில நிண்டு பிழை எண்டு காட்டுது.

வயரை மாத்தினன். பாஸ்வேர்டை மாத்தினன். "வயல்காரப் பிள்ளையைக் கடலில இறக்கிப்போட்டன்" எண்டு அண்ணை பின்னால நிண்டு தன்ர மனுசி மாக்கிறட் அக்காவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

பயம்தான். ஆனா பிழையெண்டா காரணம் ஒண்டு இருக்கும், அது எங்கையும் ஓடாது. எல்லாத்தையும் நிப்பாட்டினன். ஒண்டை மட்டும் போட்டன், சொப்ட்வெயார் ஏறிச்சுது. ரண்டாவதைப் போட்டன், நிண்டுது. முதலாவதை நிப்பாட்டிப் பாத்தன், ரண்டாவது ஏறிச்சுது. தனியத் தனிய நல்ல பிள்ளையள், சேர்ந்தாத்தான் சண்டை.

மெசினுகளுக்கு உள்ள வைச்சிருக்கிற பேரைப் பாத்தன். ஆறுக்கும் அந்தோனியார். வகுப்பின்ர பேராக்கும் எண்டு மாதம் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். அண்ணையாக்களின்ர வள்ளம் எல்லாத்துக்கும் அந்தப் பேர்தானாம். ஃபாதரைக் கூப்பிட்டு மெசினுகளை மந்திரிச்ச அண்டைக்கே தன்ர கையால வைச்சவராம்.

ஒரே பேரில ரண்டு நிண்டா ஆர் கேக்கிறதெண்டு பெரிய மெசினுக்குத் தெரியாது, பேரை மாத்தோணும் எண்டன்.

"அந்தோனியாரைக் கழட்டச் சொல்லுறியோ?"

"ஒண்டில அவர் இருக்கட்டும் அண்ணை. மற்றதுக்கு அவற்ற ஆக்களை வைப்பம்."

மாக்கிறட் அக்கா சிரிச்சுக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. செபஸ்தியார், சவேரியார், லூர்து மாதா, அன்னம்மாள் எண்டு அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சன். ஒவ்வொண்டாத் திரும்பப் போட, ஒவ்வொண்டா ஏறத் தொடங்கிச்சுது.

வாசலடி மெசின் மிஞ்சிச்சுது. அக்கா அடுத்த பேருக்கு வாயெடுக்க, அண்ணை கையைக் காட்டி மறிச்சார்.

"நாளையில இருந்து அதில நீதானே இருக்கப்போறாய். நீயே வை."

இப்ப ரண்டேகால், அம்மா. அஞ்சு மெசினிலயும் பச்சைக் கோடு ஊருது. ஆறாவதில பேர் அடிக்கிற பெட்டி வெறுமையாக் கிடக்குது. அதுக்குள்ள ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நிக்குது.