உப்புப் படாத கஞ்சி

நெடுந்தீவில் உப்புப் படாத பொருள் ஒன்றைக் காட்டு என்றால் யாரும் திணறித்தான் போவார்கள். காற்றில் உப்பு, கிணற்றில் உப்பு, கொடியில் காயப்போட்ட சேலையிலும் உப்பு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கிறேசம்மா தன் புருஷன் பிலிப்புவின் வாயில் மட்டும் மாதக்கணக்காக உப்புப் படாமல் பார்த்துக்கொண்டாள். லேசுப்பட்ட கெட்டிக்காரியா? அந்தக் கெட்டித்தனத்தை நினைத்துத்தான் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பிலிப்பு கடலுக்குப் போகிறவன். சாப்பாடு என்றால் சட்டியை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் எழும்புவான். ஒரு நாள் வலையோடு கரைக்கு வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் சுருண்டுவிட்டான். குடல் முறுக்கிக்கொண்டதாம். கடல் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறையில் இறக்கி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முறுக்கிய குடல் கறுத்துச் செத்துப்போயிருந்தது. சிறுகுடலில் பெரும்பங்கை வெட்டி எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றினார்கள்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் கம்சாயினி கிறேசம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னார்.

"அம்மா, வெட்டின குடலின்ரை வேலையையும் இனி மிச்சக் குடல்தான் பாக்கோணும். அது வேலை பழகிறதெண்டால் சாப்பாடு உள்ளுக்குப் போய்க்கொண்டே இருக்கோணும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்கோ. உப்புப் போட்டுக் குடுங்கோ. வெறுந்தண்ணி கனக்கக் குடுக்காதேங்கோ. தாகமெண்டால் இந்த ஜீவனிப் பைக்கற்றைக் கரைச்சுக் குடுங்கோ, அதிலை உப்பும் சீனியும் அளவாயிருக்கு."

"ஓம் டொக்டர்," என்றாள் கிறேசம்மா. எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்.

ஆனால் படகில் திரும்பும்போது அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. முன்பொரு தரம் பிலிப்பு காலில் கெளிற்று மீன் முள் கிழித்த காயத்தோடு கடலில் இறங்கி, உப்புத் தண்ணீர் பட்டதும் ஊர் கேட்கக் குழறினானே, அது அவள் கண்ணுக்குள் நின்றது. காலில் பட்ட சின்னக் காயத்துக்கே அந்தப் பாடு. உள்ளே குடலை வெட்டித் தைத்த பச்சைப்புண்ணில் உப்பு விழுந்தால் மனிதன் தாங்குவானா? டொக்டர் பட்டணத்துப் பிள்ளை. கத்தி பிடிக்கத் தெரியும். உப்பைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

ஜீவனிப் பைக்கற்றுகள் அலுமாரிக்குள் போயின. காலையும் மாலையும் வடித்த கஞ்சி, உப்பில்லாமல். வீட்டுக் கிணறு உவர் என்பதால் தூரத்து நல்லதண்ணீர்க் கிணற்றுக்கு வெயிலில் நடந்து, பிளாஸ்ரிக் கான்களில் நிரப்பிச் சுமந்து வந்து குடிக்கக் கொடுத்தாள். அந்தச் சுமையில் அவளுடைய இடுப்பே விட்டுப்போயிற்று. இப்படி ஒரு பெண்சாதி யாருக்குக் கிடைக்கும் என்று அயலே மெச்சியது.

பிலிப்புவுக்கோ தாகம் அடங்கவில்லை. குடிக்கக் குடிக்க வயிற்றால் போனது. போகப் போக இன்னும் தாகம்.

"பாத்தீங்களோ, கஞ்சியே தங்கேல்லை. குடல் ஆறட்டும்," என்று அவள் கஞ்சியையும் குறைத்தாள்.

ஒரு நாள் ஆளைக் காணவில்லை என்று தேடிப்போனால், கல்மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ்ரியாம்பிள்ளை வீட்டில் குந்தியிருந்து பொரித்த கருவாடும் சோறும் தின்றுகொண்டிருந்தான். பஸ்ரியாம்பிள்ளை அவனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர். கிறேசம்மா சோற்றுக் கோப்பையைப் பறித்துக் கோழிக்குக் கொட்டினாள். இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். வீட்டுக்கு இழுத்து வந்து, அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாமல் ஒண்டும் வாயிலை வைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"கிறேசு, பசிக்குதப்பா."

"சத்தியம் பண்ணுங்கோ!"

பண்ணினான். அன்றிரவு அவன் ஒரு தரம்கூட வெளியே ஓடாமல் தூங்கினான். அதை அவள் கவனிக்காமல் இல்லை. அந்தோனியார் செய்த புதுமை என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

அதற்குப் பிறகு பிலிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்ததைக் குடித்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஒரு காலை கை விரல்கள் கோணி இழுக்க, கிணற்றடியில் விழுந்தான். மறுபடியும் படகு, மறுபடியும் ஆஸ்பத்திரி.

என்ன கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். கிறேசம்மா கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

"ஒரு துளி உப்புக் காட்டேல்லை டொக்டர். புண் எரிஞ்சுபோம் எண்டு."

டொக்டர் பிலிப்புவின் ஒட்டிய வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லத்தான் சொன்னார். ஏசியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"அம்மா, அந்தப் புண் எப்பவோ ஆறிட்டுது. வெறுந்தண்ணி உடம்பிலை இருந்த உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியிலை போயிருக்கு. சாப்பாடு போனால்தான் மிச்சக் குடல் விரியும். உள்ளுக்கை இருக்கிற சின்னச் சின்னக் குருத்துகள் நீண்டு, கூடச் சத்தை உறிஞ்சப் பழகும். முதல் மாசங்களிலைதான் அது மும்முரமாய்ப் பழகிறது."

"இனிப் பழகாதோ?"

"பழகும். ஆனால் மெல்ல மெல்லத்தான். அவர் சாப்பாட்டை விட்டுப்போட்டார் எண்டால் ஏலாது. சாப்பிடோணும்."

அவள் ஆஸ்பத்திரிச் சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள். அவன் சட்டி சட்டியாய்த் தின்ற காலத்தில் இல்லாத கண்டிப்பை, அவன் தின்றே ஆகவேண்டிய காலத்தில் காட்டியிருக்கிறாள். பசி என்று அவன் வாய் விட்டுச் சொன்னானே. அவனுடைய குடலுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உப்பும் புளியுமாய் மீன் குழம்பு வைத்தாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கோப்பையைத் தள்ளினான்.

"காணும். குடல் ஆறட்டும்."

நையாண்டி என்றால் அவள் தாங்கியிருப்பாள். அவன் உண்மையாகத்தான் சொன்னான். கெஞ்சினாள், மடியில் இருத்தாத குறையாக ஊட்டினாள். கிழமைகள் போயின, இரண்டு வாய்க்கு மேல் ஏறவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பஸ்ரியாம்பிள்ளையிடம் போனாள்.

"அண்ணை, அண்டைக்கு ஏசினதை மனசிலை வைக்காதேங்கோ. அவரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரியாமல் குடுக்கிற மாதிரிக் கருவாட்டுச் சோறு குடுங்கோ. களவெண்டால் தின்னுவார்."

"நீர் ஒளிஞ்சு நிண்டு பாரும் தங்கச்சி," என்றார் அவர்.

கல்மதிலுக்கு இந்தப் பக்கம் கிறேசம்மா குந்தியிருந்தாள். கருவாடு பொரிகிற மணம் வந்தது. பஸ்ரியாம்பிள்ளையின் குரல் கேட்டது.

"தின்னடா. அவள் தண்ணி அள்ளப் போயிட்டாள்."

மெல்லும் சத்தம் கேட்கவில்லை. கல் இடுக்கால் எட்டிப் பார்த்தாள். பிலிப்பு கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கை மெல்ல வாய்ப்பக்கம் போனது. அவளால் பொறுக்க முடியவில்லை. எழும்பி நின்று, மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "தின்னுங்கோ!" என்று கத்திவிட்டாள்.

பிலிப்பு திடுக்கிட்டுக் கருவாட்டைக் கோப்பையில் போட்டான். கையை உடுத்திருந்த சாரத்தில் அவசரமாகத் துடைத்தான்.

"நான் வாயிலை வைக்கேல்லை, கிறேசு," என்றான்.