பெயிண்ட் ஒட்டாத இடம்

மணல் மூட்டைகளை ஆட்களை ஏற்றுவது போலவே ஏற்றினார்கள். முன்வாசல் வழியாக ஒவ்வொன்றாக, தோளில் சாய்த்து, படி பார்த்து. சீட்டுக்கு ஒரு மூட்டை. ஒவ்வொன்றும் அறுபத்தெட்டு கிலோ. பஸ்ஸில் ஏறுகிற ஆளின் எடை அவ்வளவுதான் என்று விதி சொல்கிறதாம். பொற்கொடி எடைமெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கோணூசியால் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தெருவில் அறுபத்தெட்டு கிலோவில் ஓர் ஆண்பிள்ளை கிடையாது. அவள் புருஷன் கதிரேசன் ஐம்பத்து நாலைத் தாண்டியதே இல்லை.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னா முன்னாடியே வந்திருக்கோணும்," என்று உள்ளே ஃபோர்மேன் மருதாசலம் ஒரு மூட்டைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டே சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். யாரோ ஒரு மூட்டையின் தலையில் தொப்பி வைத்திருந்தார்கள்.

பீளமேட்டுக்குப் பின்னால், மூடிப்போன மில்லின் குடோனில் இருந்தது அந்த ஷெட். பேட்டரியில் ஓடும் மினி பஸ். மோட்டாருக்குக் கம்பி இந்த ஊரில் சுற்றியது, பாடி இந்த ஷெட்டில் கட்டியது, வரைபடம் முதலாளி கிருபாசங்கர் கையால் போட்டது. இது முதல் வண்டி. அதிகாரிகள் வந்து பார்ப்பதற்கு முன்னால் முழு லோடு ஏற்றி ஆனைகட்டி ரோட்டு ஏற்றத்தில் தாங்களே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு எல்லோரும் நின்றார்கள்.

பொற்கொடி அங்கே சீட்டுக்கு உறை தைக்கிறாள். கதிரேசன் போன பிறகு கொடுத்த வேலை. அதற்கு முன்னால் தொண்டாமுத்தூரில் தோப்பு வேலை, மட்டை வெட்டுவது, களை எடுப்பது. வலது மோதிர விரலின் நுனி அங்கேதான் ஓர் அரிவாளோடு போனது. அந்த விரலால் அவள் வைக்கும் பொட்டு எதுவும் வட்டமாக விழாது. ஒரு பக்கம் நறுக்கியது போல அரைப் பொட்டாகத்தான் விழும்.

கதிரேசன் வெல்டர். மரக்கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்திய சேஸுக்கு, வண்டியின் இரும்பு அடிச்சட்டத்துக்கு, அடியில் மல்லாக்கப் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது அது அவன் மேலேயே இறங்கியது. அவன் வைத்த வெல்டே விட்டுப்போய் சேஸ் மடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மருதாசலம் அவளிடம் சொன்னார். கிருபாசங்கர் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். வேலைக்குக் கூப்பிட்டபோது அவள் கேட்டது ஒன்றுதான்: அந்த சேஸ் அங்கே இருக்கக் கூடாது. அன்றைக்கே அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்கள். கதிரேசனின் தம்பி மட்டும் குடித்தால் இன்னும் சொல்வான், ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன் அடியில போய்ப் படுக்கலாமா என்று.

ஒன்று மட்டும் அவள் கவனித்திருந்தாள். உயிரோடு இருந்தவரை ஷெட்டில் அவன் வெறும் கதிரேசன். டேய் என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். செத்த பிறகு, "கதிரேசன் இருந்தாருங்களே, அவரு வேலை சுத்தமுங்க" என்று எல்லோர் வாயிலும் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது. வேலை சுத்தம் என்கிறவர்களே வெல்டு விட்டுப்போச்சு என்றும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மரியாதையோடு சொன்னார்கள்.

கடைசி மூட்டையைப் பின்வாசல் வழியாக ஏற்றும்போது படியின் விளிம்பில் உரசி சாக்கு கிழிந்தது. மணல் கொட்டியது. தைக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். ஊசியோடு போனவள் பின்வாசலுக்குள் குனிந்தாள். இதுவரை அந்தப் பக்கம் அவளுக்கு வேலை வந்ததில்லை. உறைகளைத் தைத்துக் கொடுப்பாள், மாட்டுவது பையன்கள்.

படிக்கட்டின் உள்சுவரில், சேஸின் குறுக்குச் சட்டம் ஒரு முழம் வெளியே தெரிந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதில் ஒரே ஓர் இடத்தில் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பி, நடுவில் வெடித்து, உள்ளேயிருந்து சிவப்பு கசிந்திருந்தது. ஒரு பக்கம் நறுக்கிய அரை வட்டம்.

பெயிண்டர் ஷேக் பரீத் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாலு கோட்டு அடிச்சுட்டேங்க்கா. ஒரு வாரத்துல மறுபடி மேல வந்துருது. பயலுக என்னென்னமோ பேசறானுக."

"அடியில என்ன இருக்குது?"

"ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டுங்க்கா. சந்தனமும் குங்குமமும். தொடச்சுப்போட்டு அடிக்கட்டுங்களான்னு கேட்டேன். பொட்டை அழிக்கக் கூடாது, அபசகுனம், மேலயே அடின்னுட்டாரு மருதாசலண்ணன்."

எந்த வருஷப் பூஜை என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பூஜைக்கு அவள் வந்திருந்தாள். வண்டி அன்றைக்கு வெறும் சேஸாக நின்றது, மாலை போட்டு. கதிரேசன் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஓர் இடத்தைக் காட்டி, இங்க வையி, இது நான் ஒட்டினது என்றான். வைத்தாள். உன் பொட்டு ஏன் எப்பவும் தேய்பிறையாவே இருக்குது என்று சிரித்தான். அடுத்த மாதம் அவள் நெற்றியில் இருந்ததை அழித்தபோது அபசகுனம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இரும்பில் இருந்ததைத்தான் அழிக்கப் பயந்திருக்கிறார்கள்.

ஊசி அவள் கையிலேயே இருந்தது. சேஸை அறுத்துப் போடவில்லை. இதே சேஸ். மடியவில்லை. மடிந்த சேஸை யாரும் நிமிர்த்தி அதன்மேல் பஸ் கட்ட மாட்டார்கள்.

கிருபாசங்கர் வண்டியின் முன்னால் நின்று டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுதான். தொழிலாளிகள் யாரையும் அதட்டிப் பேசாதவர். அவள் நேரே போய் நின்றாள்.

"ஏனுங்க, இந்த வண்டியோட சேஸ் நல்லா இருக்குதுங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. அடுத்து வரப்போவது அவருக்குத் தெரியவில்லை. "முதல்தரமா இருக்குதுங்க. வெல்டெல்லாம் ரெண்டு தடவ செக் பண்ணியாச்சு. ஒரு கீறல் இல்லீங்க."

"அப்ப அன்னிக்கு எது விட்டுப்போச்சுங்க?"

ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். கிருபாசங்கர் மருதாசலத்தைப் பார்த்தார். மருதாசலம் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய மரக்கட்டைகளைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார். அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

"உள்ள வாங்க அம்மணி, உக்காந்து பேசலாமுங்க," என்றார் கிருபாசங்கர். குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படித்தான் இருந்தது.

"ரெண்டு தடவ பாத்தது நீங்க. நான் பாக்கலீங்க."

கிழிந்த சாக்கில் பாதிக்கும் குறைவான மணல்தான் மிச்சமிருந்தது. அவள் அதன் வாயை முறுக்கி, இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வாசலில் ஏறினாள். குறுக்குச் சட்டத்துக்கு நேர் மேலே இருந்த சீட் காலியாக இருந்தது, கிழிந்த மூட்டைக்கு உரிய சீட். அவளே தைத்த உறை. உட்கார்ந்து சாக்கை மடியில் வைத்தாள். அவளும் மணலும் சேர்ந்து விதி சொல்கிற ஆளுக்கு ஏறக்குறைய சரியாக இருப்பார்கள்.

"எறங்கு அம்மணி, ஏத்தத்துல பிரேக் அடிச்சுப் பாக்கோணும். ஆளை வெச்சுட்டுப் போகக் கூடாது," என்றார் மருதாசலம்.

"இத்தன பேரு உக்காந்திருக்கறாங்க. எனக்கு மட்டும் என்னுங்க?"

அவர் கிருபாசங்கரைப் பார்த்தார். கிருபாசங்கர் மறுபடி டயர் பக்கம் குனிந்துகொண்டார். கடைசியில் மருதாசலம் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார்.

பேட்டரி வண்டிக்குச் சத்தம் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்ஜின் உறுமினால் எதையாவது மறைக்கும். மாங்கரை தாண்டும்வரை டயரின் இரைச்சலும், மூட்டைகள் பெல்ட்டில் உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. வளைவுகளில் எல்லா மூட்டைகளும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே சமயம் நிமிர்ந்தன. தொப்பி வைத்த மூட்டை அவளுக்கு முன் சீட்டில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்க்கப் போவது போலவே சாய்ந்தது. அவள் கால் விரல்களைத் தரையில் அழுத்தியிருந்தாள். தரைக்கு அடியில் அவன் ஒட்டியது இருந்தது. அது முனகுகிறதா என்று காது கொடுத்தாள். முனகினால் அவன் கை தப்பு. முனகாவிட்டால் அவன் தம்பிக்கு, ஊருக்கு, அவளுக்கு இத்தனை நாளும் சொன்னதெல்லாம் பொய். எது வேண்டும் என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை.

ஏற்றத்தின் நடுவில் மருதாசலம் பிரேக்கை அழுத்தினார். மொத்த எடையும் பின்னால் வந்து அவள் மேல் விழுந்த மாதிரி இருந்தது. பெல்ட்டுகள் இறுகின. வண்டி ஒரு சாண் பின்வாங்கி நின்றது.

அசையவில்லை. அடியில் ஒரு டிக் சத்தம்கூட இல்லை.

வேறு நாளாக இருந்தால் மருதாசலம் இந்த இடத்தில் மூட்டைகளைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார். எறங்கறவங்க எறங்கலாமுங்க என்றிருப்பார். அவர் தலைக்கு மேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் அவருடைய கண்கள் தெரிந்தன. அவளைத்தான் பார்த்தன.

"அன்னிக்கு சேஸுக்கு அடியில எத்தன கட்டை வெச்சிருந்தீங்க?" என்றாள்.

மருதாசலம் கையை உயர்த்திக் கண்ணாடியை மேலே திருப்பினார். அதில் இப்போது கூரை மட்டும் தெரிந்தது.

அவள் மடியிலிருந்த சாக்கின் கிழிசல் வழியாக மணல் சன்னமாக ஒழுகிக்கொண்டிருந்தது. சரிவில் அவள் காலைச் சுற்றிக்கொண்டு, பின்படி வழியாக இறங்கி, பச்சைப் பெயிண்டில் வழுக்கி, உப்பிய அந்த அரை வட்டத்தின் ஈரத்தில் மட்டும் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.