கக்குவான் ஊசி

என் அண்ணன் சோணைமுத்துவிடம் ரகசியம் தங்காது. சின்ன வயதில் மிட்டாயை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவனிடம் மட்டும் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே பங்கு போய்விடும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஓடும் டவுன் பஸ்ஸில் அவன் கண்டக்டர். அந்தப் பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்குவதற்குள் எந்த ஊரில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் இறங்குவார்கள். அப்படிப்பட்டவன் நான் நிறைமாசத்தை நெருங்கும் நேரத்தில் திடீரென்று வாயை மூடிக்கொண்டான்.

போன் போட்டால் "சரி தாயி, வைக்கிறேன் தாயி." அவ்வளவுதான். எந்நேரமும் வாயில் பனங்கற்கண்டு. செல்லூருக்கு என்னைப் பார்க்க வருவான்; வந்தவன் வாசலிலேயே பழப் பையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் சிவக்குமாரின் தறிப்பட்டறைக்குள் போய் நின்றுகொள்வான். பவர்லூம் ஓடும்போது அங்கே பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. வாயாடி ஒருவன் அங்கே போய் என்ன செய்வான்? வளைகாப்பில் இன்னும் மோசம். எனக்குச் சந்தனம் பூச வந்தவன், கிண்ணத்தை அம்மா கையில் திணித்துவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடிவிட்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவன் கோபித்துக்கொண்டான் என்றார்கள். எனக்கு மட்டும் உண்மை தெரிந்துவிட்டது. பயல் யாரையோ காதலிக்கிறான்.

மாசமாக இருக்கிறவளுக்கு வேறு வேலை என்ன? பெண் யார், எந்த ஸ்டாப்பில் ஏறுகிறாள் என்று நினைத்து நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் டாக்டர் சுஃபியா ஊசிப் பேச்சை எடுத்தார். டாக்டர் அம்மா ஒல்லி. குரல் மட்டும் கிளினிக் வாசல் வரை கேட்கும்.

"கக்குவான் இருமலுக்கு உங்களுக்கு இன்னைக்கே ஊசி போட்ருவோம் பிருந்தா. உங்க உடம்புல உண்டாகுற எதிர்ப்புச் சக்தி வயித்துல இருக்க பிள்ளைக்கும் போயிரும். வீட்ல பிள்ளையத் தூக்கப் போறவங்களும் பிரசவத்துக்கு ரெண்டு வாரம் முந்தியே போட்டுக்கிரணும். பிள்ளைக்குன்னு ஊசி போடுற வயசு வர்ற வரைக்கும் நீங்கதான் வேலி."

"சேனை வைக்கலாமா டாக்டர்?"

"நாக்குல ஒண்ணும் வைக்கக் கூடாது. தாய்ப்பால் மட்டுந்தான்."

எங்கள் வீட்டில் குண்டு விழுந்தது ஊசியால் அல்ல, இதனால்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் எங்கள் பக்கத்தில் சேனை. யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்காக அண்ணனும் என் மாமியாரும் நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்தே போட்டியில் இருந்தார்கள். ஒரு வாரம் வாதாடி, கடைசியில் சட்டத்தைத் திருத்தினோம். சேனை கிடையாது, பால் குடித்த பிறகு பிள்ளையை முதலில் யார் தூக்குகிறாரோ அவர் குணம் வரும். தூக்கவேண்டுமென்றால் ஊசி போட்டிருக்கவேண்டும்.

மாமியார் மறுநாளே போட்டுக்கொண்டு வந்து, கையில் ஒட்டிய பஞ்சைத் தெரு முழுக்கக் காட்டினார். குளிக்கும்போதுகூட அதை எடுத்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டுக்காரரும் அம்மாவும்கூடப் போட்டுக்கொண்டார்கள். அண்ணன்தான் பாக்கி. அவனுக்கு ஊசி என்றால் பயம். அதனால் உசிலம்பட்டிக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசினேன். அம்மா போனைக் காதில் வைத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை, எப்போதும் ஸ்பீக்கர்தான். அடுத்த அறையில் அண்ணன் படுத்திருக்கிறான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

"அண்ணன் எதையோ மறைக்கிறாம்மா."

"எனக்கும் அதே ரோசனைதான். எம்புட்டுக் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்டி."

"சரி, அத விடு. அவனுக்கு அந்தக் கக்குவான் ஊசியப் போட்டுரணும். சொன்னா வரமாட்டான். பிரியாணி வாங்கித் தாரேன்னு கூட்டிட்டு வா."

நான் சொன்ன 'அத விடு' மட்டும் அவன் காதில் சரியாக விழவில்லை. மற்றதெல்லாம் விழுந்தது. மறைக்கிறான். வாயைத் திறக்கவில்லை. ஊசியைப் போடு. கக்குவான். இருமலுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது. டிவி தொடரில் போலீஸ்காரர்கள் ஊசி போட்டு உண்மையை வாங்குவது மட்டும் நன்றாகத் தெரியும். பெற்ற தாயும் கூடப் பிறந்தவளும் சேர்ந்து பிள்ளையைத் தூக்குவதற்கான ஊசி என்ற சாக்கில் தனக்கு அந்த ஊசியைப் போடப் பார்க்கிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டான்.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் ஊசி போடாவிட்டால் பிள்ளையைத் தொடமுடியாது என்ற சட்டமும் அவனுக்குத் தெரியும். அதனால் அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். மனசுக்குள் வேறு நினைப்பே இல்லாமல் பஸ் ஸ்டாப் பெயர்களாக நிரப்பிக்கொண்டால், கக்கினாலும் அதுதானே வெளியே வரும்? இதெல்லாம் பின்னால் அவனே சொன்னது. கிளினிக்குக்கு அவன் கர்சீப்பால் வாயைக் கட்டிக்கொண்டு, அதற்குள் எதையோ முணுமுணுத்தபடி வந்து மூலையில் தனியாக உட்கார்ந்தபோது, காதலிக்காகப் பாட்டுப் பாடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் சுவரோரம் நின்றோம். நர்ஸ் ஊசியோடு கிட்டே வந்ததும் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"உசிலம்பட்டி, செல்லம்பட்டி, கருமாத்தூர், செக்கானூரணி..."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "அக்கா, இவரு எங்க போகணுங்கிறாரு?"

"நீங்க போடுங்க. பயத்துல உளர்றாரு."

ஈரப் பஞ்சு கையில் பட்டது. பஞ்சுதான். அதற்கே நாகமலைப் புதுக்கோட்டையோடு பஸ் நின்றுவிட்டது.

"போடாதீங்க, நானே சொல்லிர்றேன். மாப்ள வண்டிக் கண்ணாடிய ஒடச்சது பூனை இல்ல, நான்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் விடவும் மனசில்லை. "அப்புறம்?"

"வளைகாப்புக்குச் சுட்ட அதிரசத்துல பாதி எலி திங்கல."

"அது தெரியும். அப்புறம்?"

"அம்மா, நீ போன வருசம் மஞ்சத்துணியில காசு முடிஞ்சு நேந்துகிட்டு என்னைய மொட்டை போடச் சொன்னயில்ல, நான் கோயிலுக்கே போகல. சலூன்ல போட்டேன்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நர்ஸ் ஊசியைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கிற்று. உள்ளே இருந்தவனும் ஒரு உதை விட்டான்.

"பொண்ணு யாருண்ணே? அதச் சொல்லு மொதல்ல."

அண்ணன் கண்ணைத் திறந்தான். "எந்தப் பொண்ணு?"

"மறைச்சியே, அந்தப் பொண்ணு."

"பொண்ணெல்லாம் ஒண்ணும் இல்ல தாயி." தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு இருமல். மாசத்துக்கு மேல ஆகுது. வந்துச்சுன்னா நிக்க மாட்டேங்குது, மூச்சு முட்டி வாந்தி வந்துதான் நிக்கிது. சொன்னா பிள்ளையக் கண்ணுல காட்ட மாட்டீங்கன்னு சொல்லல. அதுக்குள்ள சரியாப் போயிரும்னு பாத்தேன்."

நர்ஸ் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். முதலில் அவனுக்கு மாஸ்க் கொடுத்தார். பிறகுதான் திட்டினார்.

"இது கக்குவானாவே இருக்கலாம். ஒங்களுக்கு இது வெறும் இருமல் தம்பி. பொறந்த பிள்ளைக்கு வந்தா இருமக்கூடத் தெம்பு இருக்காது, மூச்சு நின்னு போயிரும். இத மறைப்பாங்களா யாராச்சும்?"

இன்னும் கொஞ்ச நாளில் இவன் என் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியிருப்பான். நாங்களும் போட்டோ எடுத்திருப்போம். அவனை அங்கேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது. அதே நேரம் தறிப்பட்டறை, பனங்கற்கண்டு, சந்தனக் கிண்ணம் எல்லாம் வரிசையாகப் புரிந்தன. இருமல் வரும்போதெல்லாம் இந்தத் தடியன் என்னைவிட்டுத் தள்ளித்தான் ஓடியிருக்கிறான். கோபமும் பாசமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் அழுதேன்.

"அழாத தாயி," என்றான் மாஸ்க்குக்குள்ளிருந்து. பிறகு நர்ஸைப் பார்த்து, "ஊசி போடுறதுக்கு முன்னாடியே வேலை செய்யிதுங்க," என்றான்.

அப்போதுதான் அவன் எதை நினைத்து வந்திருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரிந்தது. "கக்குவான்னா வியாதின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஊசியப் போட்டா கக்குவான்னு நீங்கதானே பேசுனீங்க" என்றான். டாக்டர் சுஃபியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பும் வாசல் வரை கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

தொண்டையில் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கக்குவான்தான். அண்ணனுக்கு மாத்திரை, கூட இருந்த அம்மாவுக்கும் எனக்கும் மாத்திரை. பஸ்ஸுக்குப் போகக்கூடாது, என் பக்கம் வரக்கூடாது. உடம்பு தேறியதும் ஊசியையும் போட்டுக்கொண்டான். அன்று என்னென்ன சொன்னான் என்று நர்ஸிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம், ஸ்டாக் தீர்ந்துவிட்டது போல.

பையன் பிறந்தான். டாக்டர் அண்ணனை நிறுத்தி விசாரித்து, நெஞ்சையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். நான் பால் கொடுத்து முடித்ததும் மாமியார் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அண்ணன் கதவோரம் நின்றான். இந்த முறை அவன் போட்டிக்கே வரவில்லை. தனக்கு அந்தத் தகுதி போய்விட்டது என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

"அண்ணே, நீ வா."

"நானா? நான் மறைச்சவன் தாயி."

"மறைக்கத் தெரியாதவன். பஞ்சு பட்டதுக்கே எல்லாத்தையும் சொன்ன ஆளு. எம்பிள்ளைக்கு அந்தக் குணம் போதும்."

மாமியார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஒதுங்கி வழி விட்டார். அவர் மனசும் சின்னதில்லை. அண்ணன் கையை இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தான். பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டபோது மூச்சுக்கூட விடவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. அவனுடைய புதுச் சட்டைமேல் பையன் ஒரு முறை நெளிந்தான், ஏப்பம் விட்டான், குடித்த பாலில் கொஞ்சத்தை வெளியே தள்ளினான்.

அண்ணன் அசையவில்லை. சட்டையில் வழிவதைக் குனிந்து பார்த்தான். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னான்.

"தாயி, ஊசியே போடல. மருமகன் கக்கிட்டான்."