கண்ணுக்கு நேரான தட்டு

பீர்க்காரி என்பது சொந்தக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். இன்று அந்தப் பீர்க்காரிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பின்னே இருக்காதா? அவள் கொடுத்த புகாரை விசாரிக்கக் கலால் அதிகாரி மதுக்கடைக்கே வந்து நிற்கிறார்.

சட்டம் ரொம்ப எளிது. சரக்குக் கம்பெனியின் ஆள் கடைக்குள் வந்து தன் பாட்டிலை அடுக்கிக்கொள்ளலாம். அடுத்தவர் பாட்டிலைத் தொடவே கூடாது. ஆனால் அவளும் புருஷனும் சின்னப் பட்டறையில் காய்ச்சிய பீர் காலையில் கண்ணுக்கு நேரான தட்டில் நிற்கும். பெரிய கம்பெனியின் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி, வந்துபோனால் கால்மாட்டில் கிடக்கும். குனிந்து எடுக்க யாருக்குத் தலையெழுத்து? விற்காமல் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. இன்று புகார் தள்ளுபடியானால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கடைக்காரரை நம்பிப் பிரயோஜனமில்லை. பெரிய கம்பெனி சரக்கை நிறுத்திவிடுமே என்ற பயத்தில், தான் எதையும் பார்க்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். கேமராவும் ரிப்பேராம். பாவி மனுஷன்!

ரெப்போ தேன் ஒழுகப் பேசினான். சட்டத்தைத் தலைகீழாக ஒப்பிப்பேன், கம்பெனியில் அதற்குப் பயிற்சியே உண்டு என்று அலமாரி முன்னால் நடந்தபடியே அளந்தான். அதிகாரியும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஜெயித்துவிடுவான் போலிருக்கிறதே!

"அடுத்தவங்க பாட்டில் மேல எங்க விரல்கூடப் படாது சார்," என்றான் ரெப்.

சொல்லும்போதே அவன் கை பீர்க்காரியின் பாட்டிலை எடுத்தது. குனிந்து கீழ்த்தட்டில் வைத்தான். காலியான இடத்தில் தன் பாட்டிலை நகர்த்தி, லேபிளை முன்பக்கம் திருப்பியும் விட்டான். பேச்சு மட்டும் நிற்கவே இல்லை.

அதிகாரியின் தலையாட்டல் நின்றது.

"இப்ப என்ன பண்ணீங்க?" அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

ரெப் தன் கையைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. "தெரியாம நடந்துடுச்சு சார். பன்னெண்டு வருஷமா செஞ்சு செஞ்சு, கை தானா போகுது."

அதிகாரி 'பன்னிரண்டு வருஷம்' என்று எழுதி, அவனிடமே கையெழுத்துக்கு நீட்டினார். பிறகு பீர்க்காரியிடம், பாட்டிலை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் சந்தோஷமாகக் குனிந்து எடுத்து, பாட்டிலோடு நிமிர்ந்தாள். அவள் இடத்தில் ரெப்பின் பாட்டில் நின்றது. சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அடுத்தவங்க பாட்டில நான் தொடக் கூடாதே சார். அவரையே எடுக்கச் சொல்லுங்க."

ரெப் எடுத்தான்.