ஆல்டர்மவுத் என்று சொல்லக் கூடாது

எங்கள் ஊர்ப் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது ஒரு மாதிரி. எழுதினால் ஆல்டர்மவுத். வாயால் சொன்னால் அம்மத். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் துறைமுகத்தில் சேறு வாரப் போனவன். யார்க்ஷயர் கடற்கரையில் பாதி ஊர்கள் அப்படித்தான். எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவன் வெளியூர்க்காரன், அவ்வளவுதான் கணக்கு.

வினை ஒரு பாட்டால் வந்தது. நான் இளவட்டமாக இருந்தபோது லண்டன்காரன் ஒருவன் பாடினான். எங்கள் ஊர்ப்பக்கம் அவன் தலைவைத்தும் படுத்ததில்லை. வரைபடத்தில் பார்த்தானாம், பெயர் மெட்டுக்குள் சரியாக உட்கார்ந்ததாம். அதை அவனே ரேடியோவில் பெருமையாகச் சொன்னான். அம்மத் என்று பாடியிருந்தால் மெட்டு பாதியில் நிற்கும். அதனால் எழுதியிருந்தபடியே ஆ...ல்டர்மவுத் என்று இழுத்துவிட்டான். பாட்டில் ஒரு பெண் துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருப்பாள். கலங்கரை விளக்கம் இருக்கும், வெள்ளை மணல் இருக்கும், பச்சைக் கதவுகளோடு லாந்தர் தெரு என்று ஒரு தெரு இருக்கும். அவள் ஒருவனுக்காகக் காத்திருப்பாள். அவன் வரமாட்டான். பாட்டு முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் கலங்கரை விளக்கம் கிடையாது. லாந்தர் தெருவும் கிடையாது. மணலும் கிடையாது, கூழாங்கல்லும் கறுப்புச் சேறும்தான். இங்கிலாந்தில் எத்தனையோ ஊர்களைப் பாட்டில் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ, பார்க்காத ஊரைப் பற்றிப் பாடுகிறவனும் பார்க்காத குதிரையை விற்கிறவனும் ஒரே ஜாதி.

பாட்டு கொஞ்ச காலம் ஓடி அடங்கியது. சில வருஷத்துக்கு முன் யாரோ அதை பிஸ்கட் விளம்பரத்தில் போட்டார்கள். பிறகு பிடித்தது சனி. கார் காராக வந்து இறங்கி, கலங்கரை விளக்கம் எங்கே என்று கேட்டார்கள். போன வாரம்தான் கடலில் விழுந்தது என்று சொல்லி அனுப்புவேன்.

எங்கள் பப்பில் இதற்காகவே ஒரு வழக்கம் ஏற்பட்டது. பப்பை நடத்துகிறவள் பெஸ்ஸி ஸ்டாம்பர், வாட்டசாட்டமான பெண்பிள்ளை. உள்ளே யாராவது ஊர்ப் பெயரைப் பாட்டில் வருகிறபடி சொல்லிவிட்டால், இருக்கிறவர்கள் எல்லோரும் "வெளியே" என்பார்கள். சொன்னவர் எழுந்து வெளியே போய்க் கதவைத் தட்டவேண்டும். பெஸ்ஸி உள்ளிருந்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்பாள். அம்மத் என்று சரியாகச் சொன்னால் கதவு திறக்கும். வெறும் விளையாட்டு. வெளியூர்க்காரர்களுக்கும் இது பிடித்துப்போய், வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டு வெளியே ஓடுவார்கள்.

என் மனைவி ஏனிட், துறைமுகத்தில் ஒரு பரிசுச்சாமான் கடையில் வேலைக்கு இருந்தாள். ஹல் நகரத்துப் பெண். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. கலங்கரை விளக்கம் போட்ட குவளை, கலங்கரை விளக்கம் போட்ட துண்டு, இதெல்லாம் விற்பாள். வருகிறவர்களிடம் அவர்கள் வாய்ப்படியே ஆல்டர்மவுத் என்று சொல்லப் பழகினாள். வியாபாரத்துக்கு என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஒரு வார்த்தையில் என்ன தேய்ந்துவிடப் போகிறது என்று கேட்டாள்.

பிறகு வீட்டிலும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றி வாசலில் தட்டுவாள், வெள்ளை மணல் கொட்டும். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், கடற்கரையில் நடந்துவிட்டு வந்தேன் என்பாள். ஒருநாள் ரொட்டி வாங்க எந்த வழியாகப் போனாய் என்று கேட்டேன். லாந்தர் தெரு வழியாக என்றாள், உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடுகிற முகமாக இல்லை. நான் மனுஷர்களை லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் ஏனிட் பொய் சொல்லமாட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பப்பில் மத்தியானச் சாப்பாடு. மாட்டிறைச்சி, புட்டிங், மேலே ஊற்றிக்கொள்ள இறைச்சிச் சாற்றில் வைத்த கிரேவி. கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி ஜன்னலை அடைத்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த நெட் ஹார்க்கர், உயிர்காக்கும் படகில் வேலை பார்க்கிறவன், கடையில் கூட்டம் உண்டா என்று ஏனிட்டிடம் கேட்டான்.

"பனியில யாரு வருவா? ஆல்டர்மவுத்ல பனின்னா இப்படித்தான்," என்றாள்.

எல்லோரும் "வெளியே" என்றார்கள். நானும் சொன்னேன். வாயில் உருளைக்கிழங்கோடு சொன்னேன். ஏனிட் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். கோட்டைக்கூட எடுக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பெஸ்ஸி இடுப்பில் கைவைத்து நின்று, "எங்கேருந்தம்மா வர்றீங்க?" என்றாள்.

"ஆல்டர்மவுத்லேருந்து."

எல்லோரும் சிரித்தார்கள். பெஸ்ஸி மறுபடி கேட்டாள். மறுபடி அதே பதில். ஆனால் இந்தத் தடவை குரல் கதவுக்குப் பக்கத்திலிருந்து வரவில்லை, தெருமுனையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. நான் எழுந்துவிட்டேன். போதும், திற என்றேன். பெஸ்ஸி விளையாட்டு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டாள். பதில் வந்தது. எங்கோ தண்ணீருக்கு அப்பாலிருந்து, கொஞ்சம் இழுத்து, மெட்டோடு வந்தது.

கதவைத் திறந்தால் பனிதான் இருந்தது.

தேடாத இடமில்லை. நெட்டும் மற்றவர்களும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ் வந்தது. மறுநாளும் பனி விலகவில்லை. மத்தியானம் நான் பப்புக்குப் போனேன். சிரிக்க ஆளில்லை. எல்லோரும் தங்கள் கிளாசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் நின்று, என் வாயால் அதுவரை சொல்லாத பெயரைச் சொன்னேன். ஆல்டர்மவுத் என்றேன்.

யாரும் "வெளியே" என்று சொல்லவில்லை.

நெட், "வேணாம் வில்ஃப். நாங்கதான் கடல்ல தேடறோம்ல," என்றான்.

"அவ கடல்ல இல்ல. அனுப்புங்கடா என்னை."

தானாக எழுந்து போனால் அது சும்மா தெருவுக்குப் போவதுதான். இவர்கள் அனுப்பவேண்டும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியாது, தெரிந்திருந்தது. பெஸ்ஸி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். நீ திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். நாய்க்குச் சோறு வை என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "வெளியே," என்றாள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நெட் கடைசியாகச் சொன்னான்.

வெளியே வெயில் அடித்தது.

மணல் உப்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. எங்கள் மீன் கொட்டகை இருக்கவேண்டிய இடத்தில் கலங்கரை விளக்கம் நின்றது. பக்கத்தில் லாந்தர் தெரு. இரண்டு பக்கமும் பச்சைக் கதவுகள். ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தேன், பின்னால் வீடு இல்லை, வெறும் வெளுப்புதான். பாட்டில் கதவுவரைதான் வருகிறது. மீன் நாற்றம் இல்லை. கடற்பறவை ஒன்றுகூட இல்லை. அலை வந்து விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எல்லா அலையும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. தாளம் தப்பவில்லை.

துறைமுகச் சுவரில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதுகில் பை மாட்டியவன் ஒருவன், சுற்றுலா வந்த கிழவி ஒருத்தி, இன்னும் பலர். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வப்போது எல்லோருடைய உதடும் ஒன்றாக அசையும், பிறகு ஒன்றாக நிற்கும். பை மாட்டியவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நான் அங்கே இல்லாததுபோல் எனக்குப் பின்னால் பார்த்தான். விட்டுவிட்டேன்.

கடைசியில் ஏனிட் இருந்தாள்.

கிளம்பு என்றேன். அவள் திரும்பவில்லை.

"அவர் இன்னும் வரல," என்றாள்.

"நான்தான் வந்திருக்கேனே."

"அவர் வரமாட்டார்," என்றாள், சந்தோஷமாக.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் யாரும் வரக்கூடாது. வந்தால் பாட்டு கெட்டுவிடும். அதனால் நான் எதிரில் நின்றாலும் நான் வந்ததாக ஆகாது. கண்ணே மணியே என்று கெஞ்சியிருந்தால் அதுவும் பாட்டோடு சேர்ந்திருக்கும். எனக்குக் கெஞ்சவும் வராது. எனக்கு என்ன வருமோ அதைச் செய்தேன்.

"உன் கிரேவியைவிட பெஸ்ஸி வைக்கிற கிரேவி நல்லா இருக்கு," என்றேன்.

அலை ஒன்று வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. ஏனிட்டின் கழுத்து கொஞ்சம் திரும்பியது.

"என்ன சொன்ன?"

"நாப்பது வருஷமா சொல்லணும்னு இருந்தேன். உன்னோடது தண்ணி."

"பெஸ்ஸி வைக்கிறது கிரேவியா? மாவைக் கொட்டிக் கட்டி கட்டியா வச்சிருப்பா, கரண்டி நட்டுக்கிட்டு நிக்கும். போன ஞாயித்துக்கிழமை அதைத் தின்னுட்டுத்தானே ராத்திரி பூரா வயித்தைப் புடிச்சிக்கிட்டுக் கிடந்த?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அவள் பேசிக்கொண்டே வந்தாள். நிலக்கரி அறைச் சாவியை எங்கே வைத்துத் தொலைத்தாய் என்று கேட்டேன். ஆணியில்தான் தொங்குகிறது, கண் பொட்டையா என்றாள். அவள் திட்டத் திட்ட எங்கள் காலடியில் மணல் குறைந்தது. கூழாங்கல் தட்டுப்பட்டது. முகத்தில் பனி ஈரம் பட்டது. பப்பின் கதவு தெரிந்தது. பின்னால் சுவரில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பாட்டை முனக ஆரம்பித்தார்கள். நான் கதவைத் தட்டினேன்.

"எங்கேருந்து வர்றீங்க?" என்று உள்ளிருந்து பெஸ்ஸி கேட்டாள்.

அம்மத் என்றேன். கதவு திறக்கவில்லை. இரண்டு பேர், ஒரு பதில். ஏனிட்டும் சொல்லவேண்டும். அவள் திட்டுவதை நிறுத்தியிருந்தாள். பின்பக்கம் காது கொடுத்து நின்றாள். என் பிடியில் அவள் கை தளர்ந்தது.

"உள்ள என்னைப் பத்தி யாரும் பாடலியே, வில்ஃப்."

எனக்கு இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. பொய் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். "இல்ல. பாடவும் மாட்டாங்க. சண்டை போட நான் இருக்கேன், அவ்வளவுதான்," என்றேன்.

உள்ளேயிருந்து பெஸ்ஸி மறுபடி கேட்டாள். ஏனிட் என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அம்மத் அவள் நாக்கில் வரவில்லை, தேடினாள், கிடைக்கவில்லை. ஆல்டர்மவுத் என்று உதடு குவிந்தது. அது வெளியே வருவதற்குள் அவளே அதை விழுங்கிவிட்டாள்.

"ஹல்லிலேருந்து," என்றாள்.

 உள்ளே நெட் பெஸ்ஸியிடம் கேட்பது என் காதில் விழுந்தது. "ஹல்லுன்னா என்ன செய்யணும்?"

"ஹல்லுக்கு ஒண்ணும் கிடையாது," என்றாள் பெஸ்ஸி. "அது அவ பொறந்த ஊரு. உள்ள வா, கிழவி." தாழ்ப்பாளை இழுத்தாள்.

அந்த வழக்கம் அன்றோடு நின்றது. பை மாட்டியவனைப் பற்றிப் போலீசிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். என் வயதையும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே அம்மத் வீட்டைக் காலி செய்துகொண்டு ஹல்லுக்கு வந்துவிட்டோம். எந்தத் தெரு என்று எழுதமாட்டேன். நீங்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் உங்களில் எவனுக்குப் பாட்டுக் கட்ட வரும் என்று எனக்குத் தெரியாது. ரேடியோவைத் தூக்கி எறிந்துவிட்டேன். ஏனிட் நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போகிறாள். மத்தியானம் தேநீர் நேரத்தில் மட்டும் சில நாள் கை அப்படியே நிற்கும். சுவரைப் பார்ப்பாள். அந்தச் சுவருக்குப் பின்னால் அடுத்த வீடுதான் இருக்கிறது, கடல் இல்லை. உதடு அசையும்.

அப்போதெல்லாம் நான் சண்டை இழுப்பேன். கிரேவி ஒரு வாரத்தில் பழகிவிட்டது, அதற்கு இப்போது அவள் திரும்புவதில்லை. அதனால் புதிதாகத் தேடவேண்டியிருக்கிறது. அவள் தங்கச்சியைப் பற்றி ஏதாவது சொல்வேன். புதுத் துண்டில் நாயைத் துடைப்பேன். உடனே ஆரம்பிப்பாள், தெருவே கேட்கும். அடுத்த வீட்டுக்காரி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாவம் அந்தப் பெண், எப்படித்தான் இந்த மனுஷனோடு குப்பை கொட்டுகிறாளோ என்று கடையில் சொன்னாளாம். சொல்லட்டும்.

செருப்பையோ பூட்ஸையோ மேஜைமேல் வைத்தால் வீட்டில் சாவு விழும் என்பது ஏனிட்டின் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள பயம். கடைக்காரன் புதுச் செருப்பைப் பெட்டியோடு மேஜையில் வைத்ததற்கே ஒருமுறை கத்திவிட்டாள். அதைக் கடைசிக்கு என்று மிச்சம் வைத்திருந்தேன். இன்றைக்கு மத்தியானம் சேறு அப்பிய என் பூட்ஸைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜைக்கு நடுவில், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு தடவை இந்தப் பக்கமாகப் போய்விட்டாள். பார்த்தாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.