வெள்ளிக்கிழமை இல்லாத பாடம்

பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது கணக்கியல். ஆனால் என் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். காளான் வளர்ப்பு, ஜப்பானிய மொழி, பூச்சியியல். செமஸ்டருக்கு ஒரு பாடம் துறைக்கு வெளியே எடுத்தாக வேண்டும். மற்றவர்கள் பிடித்ததை எடுத்தார்கள். நான் வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லாததை எடுத்தேன்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் ராசா டவுன் மையத்தில் டயாலிசிஸ். திங்களும் புதனும் அம்மா எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து அழைத்து வருவாள். வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில் அவளுக்கு லீவு கிடைக்காது. அதனால் நான் வியாழன் மாலையே வீட்டுக்கு ரயிலேறிவிடுவேன்.

அப்பாவுக்கோ பெருமை தாங்காது. பக்கத்து நாற்காலி வீரமுத்து மாமாவிடம், "என் மவளுக்குப் பூச்சியும் தெரியும், ஜப்பான்காரன் பாஷையும் தெரியும்லா" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பாஷையில் வணக்கம் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

இது கடைசி செமஸ்டர். இந்த முறைதான் நாடகப் பாடம் வந்திருந்தது. நடிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கிருந்த ஒரே ஆசை. வகுப்பு வெள்ளிக்கிழமை காலை. மிச்சமிருந்தது மண்ணியல், செவ்வாய்க்கிழமை. அப்பாவின் நாற்காலியோரம் மடிக்கணினியில் பாடப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ப்பா, வெள்ளிக்கிழமைக்கு ஒரு கிராப் வாடகைக் காரு சொல்லட்டுமா? தனியா வந்துட்டுப் போயிருவீங்களா?"

அவர் திரையை எட்டிப் பார்த்தார். "என்னா பாடம் அது?"

"நாடகம்."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமாப்பா. இவ்வளவு நாளும் வெள்ளிக்கிழமை வராத பாடமாத்தான் எடுத்தேன்."

"நீ எதுக்குப் பூச்சி படிச்சேன்னு எனக்குத் தெரியாதா ஷாமினி? மொதல்லயே தெரியும்."

கோபம் தலைக்கேறியது. தெரிந்துகொண்டேதான் இவ்வளவு நாளும் பெருமை அடித்துக்கொண்டாரா?

"அப்போ, புடிச்சத எடுத்துக்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா காலமெல்லாம் செம்பனைக் குலை வெட்டியவர். பாம்பு கடித்தபோதுகூடத் தானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். இப்போது வீரமுத்து மாமாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஊசியப் பாத்தா பயமா இருக்கும்மா. தனியா முடியாது. சொல்ல வாய் வரல."

தாதி ஊசித் தட்டோடு வந்தார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மறு கையை என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மண்ணியலை அழுத்தினேன்.