சந்தனம் பூசிய பேட்டரி

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் பிரதியில், குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தேன். பஸ்ஸும் பொய், சீட்டுக்காரரும் பொய். அடித்துவிட்டேன். படகு மட்டும் இருந்தது.

முதல் தொடக்கம்: 'மலைகள் பனியைப் போர்த்திக்கொண்டு...' (வேண்டாம். மலைக்கு வேறு வேலையில்லையா?)

இரண்டாவது: 'ஏரிக்கரையில் ஒற்றை யானை...' (யானையை உள்ளே விட்டால் அப்புறம் பேட்டரியை யார் பார்ப்பார்கள்?)

மூன்றாவது: 'நல்லமுத்துவின் வேலை இரண்டு பேட்டரிகளின் கையில் இருந்தது.' பேட்டரிக்கு ஏது கை? ஆனாலும் விஷயம் அதுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

2

வருஷம் 1974. குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட், அதற்குச் சொந்தமாக ஓர் ஏரி, விருந்தாளிகளை ஏற்றி உலாத்த ஓர் எஞ்சின் படகு. ஓட்டுபவன் நல்லமுத்து. அதற்கு முன் ஃபேக்டரி மாடியில் இலை வாட்டிக்கொண்டிருந்தவன். ஆயுதபூசைக்கு மறுநாள் மெட்ராஸ் விருந்தாளிகள் வருகிறார்கள், சவாரி நல்லபடியாக முடிந்தால் படகு வேலையை நிரந்தரமாக்குகிறேன், நடுவில் நின்றால் திரும்ப மாடிதான் என்று தொரை சொல்லியிருந்தார். தொரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. மேனேஜர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எஸ்டேட்டில் அவர் தொரைதான். நல்லமுத்துவுக்குப் படகு என்றால் உயிர். மாடியை நினைத்தாலே பச்சை இலை வாடை மூக்கில் ஏறிவிடும்.

படகில் இரண்டு பேட்டரிகள். பெரியது எஞ்சினைக் கிளப்ப. சின்னது விளக்குக்கும் விசிறிக்கும் ரெக்கார்டு பிளேயருக்கும். நடுவில் ஒரு சுவிட்ச். படகு ஓடும்போது 'இரண்டும்' என்ற பக்கம் திருப்பினால் எஞ்சினே இரண்டையும் சார்ஜ் செய்துவிடும். நிறுத்தியதும் 'சின்னது' பக்கம் திருப்பிவிட வேண்டும்.

(மறந்துபோய் 'இரண்டும்' பக்கமே விட்டால், பாட்டு சின்னதைக் குடித்துவிட்டுப் பெரியதையும் குடித்துவிடும். கையால் சுற்றிக் கிளப்பும் வசதி அந்த எஞ்சினில் கிடையாது. அப்புறம் துடுப்புதான்.)

3

இனி ராமுத்தாய் வர வேண்டும். நல்லமுத்துவின் மனைவி, கொழுந்து பறிப்பவள். முதல் பிரதியில் அவளை அப்பாவியாக எழுதியிருந்தேன். அப்பாவியாவது! வேலை வாங்கும் கங்காணியின் வாயையே அடைக்கிறவள்.

பூசைக்கு முந்தின நாளே நல்லமுத்து பேட்டரியில் வயரை மாட்டும் கிளாம்புகளைக் கழற்றித் தேய்த்து வைத்திருந்தான். பூசையன்று ஆயுதத்தைத் தொடுவார்களா? படகு கட்டியே கிடந்தது. சார்ஜும் ஏறவில்லை. ராமுத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு வந்து எஞ்சினுக்குப் பொட்டு வைத்தாள், சுக்கானுக்கு வைத்தாள். கிளாம்பு இல்லாமல் துருத்திக்கொண்டிருந்த நாலு ஈயக் குமிழ்களையும் பார்த்தாள்.

"மொட்டை போட்ட தலைக்குச் சந்தனம் பூசாம விடுவாகளா?" என்று கேட்டு, நாலுக்கும் குளிரக் குளிர அப்பிவிட்டாள்.

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. தடுக்க மனம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் சந்தனத்தைத் துடைத்துவிட்டுத்தான் கிளாம்புகளை மாட்டினான். குமிழின் அடியில் ஒட்டியிருந்ததை மட்டும், அவள் ஆசைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

4

எஞ்சின் ஒரே அழுத்தில் கிளம்பியது. கால்மணி நேரத்தில் ஏரி நடுவே இருந்த திட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்லமுத்து சுவிட்சைச் 'சின்னது' பக்கம் திருப்பிவிட்டு, சாப்பாட்டுக் கூடையோடு தொரைக்குப் பின்னால் இறங்கினான். மூன்று விருந்தாளிகளில் ஒருவன் மட்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டு படகிலேயே இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. பாடகிக்கு ஜுரம் வந்ததுபோல் இருந்தது. அவன் சுற்றிப் பார்த்தான், சுவிட்சைக் கண்டான், 'இரண்டும்' பக்கம் திருப்பினான். பாட்டு நிமிர்ந்தது. விசிறியையும் போட்டுக்கொண்டான். மூன்று மணி நேரம் கழித்துப் பேச்சுச் சத்தம் நெருங்கியதும், ஒன்றும் தெரியாதவன்போல் சுவிட்சைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தான்.

அப்புறம் எஞ்சின் கிளம்பவில்லை. நல்லமுத்து சுவிட்சைப் பார்த்தான்; வைத்த இடத்தில் இருந்தது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். தொரையும் குனிந்தார். குமிழடியில் மஞ்சளாகச் சந்தனம்.

யாருடைய வேலை இது என்று தொரை கேட்டார். விருந்தாளிகள் சிரித்தார்கள். ராமுத்தாயின் பெயரைச் சொன்னால் அவள் பக்தி எஸ்டேட் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்துவிடும் என்று நல்லமுத்து நினைத்தான். சரியாகத் துடைக்கவில்லையோ என்று தன்மேலேயே அவனுக்குச் சந்தேகமும் வந்துவிட்டது.

"நாந்தான் தொரை வச்சேன்."

நாளைக் காலை மாடிக்குப் போய்விடு என்றார் தொரை. இதே சந்தனத்தோடுதானே காலையில் எஞ்சின் கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் வாயைத் திறக்கவில்லை.

5

முடிவு ஒன்று: தொரை மனமிரங்கி... (அந்தத் தொரையைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.)

முடிவு இரண்டு: ராமுத்தாய் பங்களா வாசலில் நின்று நியாயம் கேட்கிறாள். (கேட்கக்கூடியவள்தான். கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. நான் அன்று சாயங்காலமே மெட்ராசுக்குக் கிளம்பிவிட்டேன்.)

சரி, சொல்லியாயிற்று. அந்த விருந்தாளி நான்தான். 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன், இரண்டு பக்கம்கூடத் தாங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

முடிவு மூன்று: 'தொரை, அந்தச் சுவிட்சை...' என்று நான் தொடங்குகிறேன். இந்த வாக்கியத்தை ஏழு பிரதிகளில் தொடங்கிவிட்டேன். ஒன்றில்கூட முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நல்லமுத்து எங்களைத் துடுப்புப் போட்டே கரை சேர்த்தான். நான் அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பாதி ஏரி வந்ததும், மற்றவர்கள் காதில் விழாதபடி என்னிடம் கேட்டான்.

"பாட்டு நல்லாக் கேட்டீகளா அய்யா?"

தெரிந்து கேட்டானா, மரியாதைக்குக் கேட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கு ஒரு பதிலை நீங்கள் எழுதுங்கள். கரை வர இன்னும் பாதி ஏரி இருக்கிறது. என்னை எழுதச் சொல்லாதீர்கள். நான் எழுதினால், "கேட்டேம்ப்பா, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும்.